டாக்கோ கடையின் கவுண்டரில் எதை ஊற்றுவது? தெபாச்சே, புல்கே, தெஹுயினோ, தூபா: ஓர் ஒப்பீடு

மெக்சிகோ சிட்டியில் என் நண்பர் ஒருவரும் அவருடைய அக்காவும் சேர்ந்து ஒரு டாக்கோ கடையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தெருவைப் பார்த்தபடி ஒரு நீண்ட கவுண்டர், அதன் முன் எட்டு முக்காலிகள், உள்ளே இரண்டு பேர் ஒரே நேரத்தில் திரும்பினால் தோள் இடிக்கும் அளவுக்கு இடம். வார நாட்களில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டும்வரை அல் பஸ்தோர் டாக்கோ. சனி, ஞாயிறு காலையில் ஆட்டுக்கறி பார்பகோவா. சாப்பாட்டில் அவர்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் பானத்தில்தான்.

குளிர்பான நிறுவனத்தின் பெயர் எழுதிய குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வைத்து, அதே நான்கு பாட்டில்களை அடுக்கி விற்பது எளிது. தெருவில் மற்ற எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். இவர்கள் இருவருக்கும் அதில் மனம் ஒப்பவில்லை. மெக்சிகோவின் பழைய புளிப்புப் பானம் ஒன்றையாவது கவுண்டரில் வைக்க வேண்டும் என்கிறார்கள். நான்கு பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன: தெபாச்சே, புல்கே, தெஹுயினோ, தூபா. நான்கையும் வைக்க இடமும் கிடையாது, ஆளும் கிடையாது. எது என்பதே கேள்வி.

சுவையை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பதுதான் நான் அவர்களிடம் முதலில் சொன்னது. நான்குமே சுவையானவை, அதில் சண்டை போட்டால் முடிவே வராது. இவை நான்கும் உயிருள்ள பானங்கள். ஊற்றி வைத்த பிறகும் உள்ளே ஈஸ்டும் பாக்டீரியாவும் வேலை செய்துகொண்டே இருக்கும். இனிப்பு குறையும், புளிப்பு ஏறும், சாராயச் சத்து கூடும், பிறகு காடியாகும். பாட்டில் குளிர்பானம் மாதக்கணக்கில் காத்திருக்கும். இவை காத்திருக்க மாட்டா. அதனால் ஒவ்வொரு பானமும் எப்போது பதத்துக்கு வருகிறது, எத்தனை மணி நேரம் அந்தப் பதத்தில் நிற்கிறது, அந்த நேரம் கடை திறந்திருக்கும் நேரத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, அதற்கான மூலப்பொருள் கடைக்குள் ஏற்கெனவே வருகிறதா, தனியாகத் தேடிப்போக வேண்டுமா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் பாதி முடிவு கிடைத்துவிடும்.

அன்னாசித் தோலிலிருந்து

அல் பஸ்தோர் கடையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. அச்சியோத்தே விதையும் குவாஹியோ மிளகாயும் அரைத்த சிவப்பு மசாலாவில் ஊறிய பன்றி இறைச்சித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெட்டுக்குத்தான கம்பியில் கோத்து, நெருப்புக்கு முன்னால் சுழலவிடுவார்கள். அந்தக் கூம்புக்கு துரோம்போ என்று பெயர். லெபனானிலிருந்தும் மற்ற அரபு நாடுகளிலிருந்தும் வந்து புவேப்லாவில் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாதான் காலப்போக்கில் இப்படி உருமாறியது. ஆட்டிறைச்சி போய்ப் பன்றி இறைச்சி வந்தது; உச்சியில் ஓர் அன்னாசிப் பழம் வந்து உட்கார்ந்தது. டாக்கோ போடுபவர் இடது கையில் தோர்த்தியா எனப்படும் மெல்லிய சோள ரொட்டியை ஏந்தியபடி, வலது கைக் கத்தியால் இறைச்சியைச் சீவி அதில் விழவைத்து, கடைசியில் கத்தி நுனியால் ஓர் அன்னாசிச் சீவலை மேலிருந்து சுண்டிவிடுவார். அது பறந்து வந்து சரியாகத் தோர்த்தியாவில் விழும்.

ஆக, இந்தக் கடைக்குத் தினமும் அன்னாசி வருகிறது. தோலும் நடுத்தண்டும் குப்பைக்குப் போகின்றன. தெபாச்சேவுக்கு வேண்டியவை அந்தத் தோலும் நடுத்தண்டும்தான்.

செய்முறை இதுதான். நன்கு பழுத்த ஓர் அன்னாசியின் தோல், நடுத்தண்டு, இரண்டு லிட்டர் தண்ணீர், கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக பிலோன்சியோ எனப்படும் கூம்பு வடிவக் கரும்பு வெல்லம், ஒரு துண்டுப் பட்டை, மூன்று நான்கு கிராம்பு. பழத்தை வெட்டுவதற்கு முன் மண் போக அலசினால் போதும். சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது, வெந்நீரில் முக்கவும் கூடாது. புளிக்க வைக்கும் ஈஸ்ட் அந்தத் தோலில்தான் குடியிருக்கிறது. அதைக் கழுவித் தள்ளிவிட்டால் வெறும் வெல்லத் தண்ணீர்தான் மிஞ்சும். எல்லாவற்றையும் மண்பானையிலோ அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடியிலோ போட்டு, துணியால் வாய் கட்டி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். தோல் மேலே மிதந்து உலராமல் இருக்க ஒரு தட்டை வைத்து அழுத்திவிடுவது நல்லது.

முதல் நாள் ஒன்றும் நடக்காது. இரண்டாம் நாள் விளிம்பில் வெள்ளை நுரை கட்டும். காதை ஜாடியருகே கொண்டுபோனால் மெல்லிய சீறல் கேட்கும். நுரையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டுச் சுவைத்துப் பார்த்தால், இனிப்புக்குள்ளிருந்து நாக்கைக் கிள்ளும் ஒரு துடிப்பு தெரியும். மூன்றாம் நாள் புளிப்பு முன்னால் வந்து நிற்கும்; கிராம்பு வாசம் தணிந்து அன்னாசி வாசம் மேலெழும். கடைக்குரிய பதம் இதுதான். இந்தக் கட்டத்தில் வடிகட்டிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் இரண்டு மூன்று நாள் பெரிதாக மாறாமல் நிற்கும். வெளியிலேயே விட்டால் நான்காம், ஐந்தாம் நாள் காடிதான்.

மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் குளிர் இறங்கும். டிசம்பரில் மூன்று நாளில் ஆக வேண்டியது ஐந்து நாளைக்கூட எடுத்துக்கொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் ஒன்றரை நாளிலேயே பொங்கிவிடும். அதனால் நாள் கணக்கை நம்பாமல் நாக்கை நம்ப வேண்டும். மூன்று ஜாடிகளைச் சுழற்சியில் வைத்துக்கொண்டால் போதும்: ஒன்று இன்று போட்டது, ஒன்று புளித்துக்கொண்டிருப்பது, ஒன்று கவுண்டரில் ஊற்றுவது.

சட்டத்தின் பக்கமும் தெபாச்சேவுக்குச் சாதகமாகவே இருக்கிறது. மெக்சிகோவின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி 2 சதவீதத்திலிருந்து 55 சதவீதம்வரை எத்தில் ஆல்கஹால் உள்ளவையே மதுபானம். இரண்டு மூன்று நாள் புளித்த தெபாச்சே பெரும்பாலும் இந்த 2 சதவீதத்துக்குக் கீழேயே நிற்கும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விற்கலாம் என்று பொருளல்ல. வெல்லம் கூடினால், நாள் கூடினால், சிலர் செய்வதுபோல் நடுவில் பீர் சேர்த்தால் அளவு தாண்டிவிடும். ஆல்கஹால் அளவைக் கணிக்க உதவும் ஹைட்ரோமீட்டர் மலிவான கருவி. ஒவ்வொரு ஜாடியையும் அளந்து குறித்துவைக்கும் பழக்கம் கடைக்கு முதல் நாளிலிருந்தே வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மதுவை அறவே தொடாதவர்களும் கடைக்கு வருவார்கள். இதில் சிறிதளவு ஆல்கஹால் உண்டு என்று கவுண்டரில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது கடைக்காரரின் கடமை.

மிஞ்சிப்போனால் என்ன செய்வது? இங்குதான் எனக்குத் தெபாச்சேமேல் தனி மதிப்பு. பதம் தாண்டியதை அப்படியே முற்றவிட்டால் அருமையான அன்னாசிக் காடி கிடைக்கும். எல்லா டாக்கோ கவுண்டரிலும் ஒரு கிண்ணத்தில் இருக்குமே, காரட்டும் வெங்காயமும் ஹலபேஞோ மிளகாயும் ஊறிக்கிடக்கும் ஊறுகாய், அதற்கு இந்தக் காடி போதும். குப்பைக்குப் போக இருந்த தோல் பானமாகி, பானம் தவறினால் ஊறுகாயாகிறது. சின்னக் கடைக்கு இதைவிட என்ன வேண்டும்?

குறையும் உண்டு. பழ ஈக்கள் மொய்க்கும். துணிக்கட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் உள்ளே போய்விடும். மேற்பரப்பில் பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை பிடித்தால் அந்த ஜாடி முழுவதையும் கொட்டத்தான் வேண்டும், வழித்துவிட்டு விற்கக் கூடாது. இறுக மூடிய கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து வெளியே வைத்தால் வாயு அழுத்தத்தில் வெடிக்கும். வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்பவர்களுக்கு பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே இடம்விட்டு ஊற்றி, அன்றே குடித்துவிடச் சொல்ல வேண்டும்.

புல்கேயின் நியாயம்

மதிப்பு என்று பார்த்தால் புல்கேக்கு முன்னால் மற்ற மூன்றும் நிற்க முடியாது. சோலூலா என்ற பழைய நகரில் 1969-இல் கண்டெடுக்கப்பட்ட, 50 மீட்டருக்கு மேல் நீளும் சுவரோவியத்தில் மனிதர்கள் வட்டமாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கையிலிருப்பது புல்கே என்றே கருதப்படுகிறது. அந்த ஓவியத்தின் வயது ஏறக்குறைய 1,800 ஆண்டு. புல்கே கிடைக்கும் மாகேய் என்ற ஆனைக்கற்றாழைக்கு மயாவேல் என்ற தெய்வத்தையே வைத்திருந்தார்கள். ஸ்பானியர் வருவதற்கு முந்தைய அஸ்தெக்கர் காலத்தில் கண்டவரெல்லாம் குடித்துவிட முடியாது. சடங்குக்கும் வயதில் மூத்தவர்களுக்கும் உரியதாகவே அது இருந்தது.

அந்தச் செடியின் கதையைக் கேட்டால் ஒரு குவளை புல்கேயை யாரும் அலட்சியமாக வைத்துவிட்டுப் போக மாட்டார்கள். மாகேய் முதிர எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு ஆகும். வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூக்கும். பூந்தண்டு கிளம்பும் தருணத்துக்குச் சற்று முன்பாக நடுக்குருத்தை வெட்டி எடுத்து, செடியின் நெஞ்சில் ஒரு குழி குடைவார்கள். பூவுக்காக ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த இனிப்பு நீரெல்லாம் அந்தக் குழியில் ஊறும். அதற்கு அகுவாமியேல் என்று பெயர். த்லாசிகேரோ எனப்படும் தொழிலாளி காலையும் மாலையும் வந்து, அகோகோத்தே என்ற நீண்ட சுரைக்குடுக்கையால் வாய்வைத்து உறிஞ்சி நீரை எடுத்து, பிறகு குழியின் சுவரை மெல்லச் சுரண்டிவிட்டுப் போவார். சுரண்டினால்தான் அடுத்த வேளைக்கு ஊறும். சில மாதங்கள் இப்படிக் கொடுத்துவிட்டுச் செடி செத்துப்போகும். பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து சில மாதம் கறக்கும் செடி அது. தேவை கூடிவிட்டது என்பதற்காக அடுத்த ஆண்டே உற்பத்தியைக் கூட்டிவிட முடியாது.

அகுவாமியேலில் முந்தைய புல்கேயைக் கொஞ்சம் உறையாகச் சேர்த்தால் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். வெண்மையாக, கொழகொழப்பாக, 4 முதல் 6 சதவீத ஆல்கஹாலோடு பதத்துக்கு வரும். லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா உண்டாக்கும் ஒரு வகைப் பிசின்தான் கொழகொழப்புக்குக் காரணம். சாராயச் சத்தை உண்டாக்குவதில் ஈஸ்டோடு ஜைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்கும் பெரிய பங்கு உண்டு. 1920-களில் ஜெர்மானிய அறிவியலாளர் பவுல் லிண்ட்னர் அதைப் புல்கேயிலிருந்துதான் பிரித்தெடுத்தார். முதன்முறை குடிப்பவருக்கு அந்தக் கொழகொழப்பு ஒரு தடைதான். உதட்டிலிருந்து குவளையை எடுக்கும்போது நூல் இழுக்கும். இரண்டாவது மிடறில் பச்சைக் கற்றாழை வாசமும் மோர்ப் புளிப்பும் சேர்ந்து வரும். அங்கே பிடித்துவிட்டால் பிறகு விடாது.

1873-இல் மெக்சிகோ சிட்டி – வெராகுருஸ் ரயில் பாதை திறந்தபோது, அது ஆபான் சமவெளி வழியாக ஓடியது. மாகேய்த் தோட்டங்கள் நிறைந்த பூமி அது. பீப்பாய் பீப்பாயாகப் புல்கே தலைநகருக்கு ரயிலேறியது. அதில் சில குடும்பங்கள் பெரும் செல்வர்களாயின. பிறகு பீர் வந்தது. புல்கே சீக்கிரம் புளிக்கச் சாணத்தைத் துணியில் முடிந்து தொட்டியில் போடுகிறார்கள் என்ற அவதூறு ஊரெங்கும் பரவியது. புல்கே செய்பவர்களுக்குத் தெரியும், அழுக்குக் கை பட்டாலே ஒரு தொட்டி கெட்டுவிடும் என்று. ஆனாலும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. இன்றும் வயதானவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். இந்த அநியாயத்தை நினைக்கும்போதெல்லாம் புல்கே ஊற்றும் கடை இன்னும் ஒன்று கூட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இருந்தும், வார நாள் மாலைக்குப் புல்கே வேண்டாம் என்றே சொன்னேன். காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. புல்கே கடைக்குள் பிறப்பதில்லை. இதால்கோ மாநிலத்திலிருந்தோ த்லஸ்கலா மாநிலத்திலிருந்தோ வர வேண்டும். வந்த நாளில் அருமையாக இருக்கும், மறுநாள் கனக்கும், மூன்றாம் நாள் புளிப்பும் நாற்றமும் ஏறிவிடும். அல் பஸ்தோர் சாப்பிட வருபவர் பதினைந்து நிமிடத்தில் நான்கைந்து டாக்கோவை முடித்துக்கொண்டு போகிறவர். பலர் வேலைக்குத் திரும்புகிறவர்கள், மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் இளைஞர்கள், பஸ் ஓட்டுநர்கள். புல்கே உட்கார்ந்து, பேசி, இரண்டாவது குவளை கேட்டு வாங்கிக் குடிக்கும் பானம். அதற்கென்றே புல்கேரியாக்கள் இருக்கின்றன. எட்டு முக்காலிகளில் நான்கைப் புல்கே குடிப்பவர்கள் ஒன்றரை மணி நேரம் பிடித்துக்கொண்டால் டாக்கோ வியாபாரம் படுத்துவிடும். இது மதுபானம் என்பதால் உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

ஆனால் சனி, ஞாயிறு காலை வேறு கதை. பார்பகோவாவுக்குத் தரையில் குழி வெட்டி, தணல் போட்டு, மாகேய் மடல்களைச் சுற்றிலும் அடுக்கி, அதற்குள் ஆட்டிறைச்சியை வைத்து மூடி இரவு முழுவதும் வேகவைப்பார்கள். அடியில் ஒரு பாத்திரத்தில் கொண்டைக்கடலையும் அரிசியும் போட்டு வைத்தால், மேலிருந்து சொட்டும் சாறு அதில் இறங்கிக் கொன்சோமே என்ற சூப் ஆகிவிடும். தொட்டுக்கொள்ளப் பசிய்யா மிளகாயும் புல்கேயும் சேர்த்து அரைத்த சல்சா பொர்ராச்சா. இறைச்சியை வேகவைப்பது மாகேயின் மடல், சல்சாவில் இருப்பது மாகேயின் நீர். குவளையிலும் அதே நீர் இருப்பதுதான் முறை. என் நண்பருடைய கடைக்குப் பார்பகோவா வருவது இதால்கோவில் உள்ள அவருடைய உறவினர் வீட்டிலிருந்து. விடிவதற்குள் வண்டி கிளம்பி வந்துவிடும். அதே வண்டியில் இரண்டு கேன் புல்கேயும் ஏறினால் தனி வண்டிச் செலவு கிடையாது. முந்தைய நாள் கறந்த நீர், அன்று காலை கவுண்டரில். வார இறுதிக் காலையில் வருபவர்களுக்கும் அவசரமில்லை. குடும்பத்தோடு வந்து ஒரு மணி நேரம் நிற்கத் தயாராகத்தான் வருகிறார்கள்.

டப்பாவில் அடைத்த புல்கேயைப் பற்றி ஒரு வரி. சூடுபடுத்தி உயிரை நிறுத்திய பிறகுதான் அதை அடைக்க முடியும். புல்கே என்ற பெயர் அதில் இருக்கும், புல்கே இருக்காது. புதிய புல்கே கிடைக்காத வாரம் புல்கே இல்லை என்று பலகையில் எழுதிவிடுவதே மேல்.

தெஹுயினோ

ஹலிஸ்கோ மாநிலத்துக்காரர்களிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த சோள மாவை வெல்லத்தோடு கெட்டியாகக் காய்ச்சி, ஆறவைத்து, ஓரிரு நாள் புளிக்கவிடுவார்கள். கேழ்வரகுக் கூழைப் புளிக்கவைத்துக் குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பானையின் வாசம் புதிதல்ல. அந்த மாநிலத்தின் தலைநகர் குவாதலஹாராவின் தெருவண்டியில் அதைத் தண்ணீர் விட்டுத் தளர்த்தி, ஐஸ் போட்டு, எலுமிச்சை பிழிந்து, கல்லுப்புத் தூவி, ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு உயரத் தூக்கி ஆற்றி, கடைசியில் மேலே ஒரு கரண்டி எலுமிச்சை ஐஸ் வைத்துத் தருவார்கள். கொளுத்தும் வெயிலில் அதற்கு ஈடில்லை.

ஆனால் அது தனியாகக் குடிக்கும் பொருள். ஒரு பெரிய குவளை உள்ளே போனால் வயிறு நிறைந்துவிடும். பிறகு டாக்கோ எங்கே இறங்கும்? எலுமிச்சை ஐஸுக்குத் தனி உறைபெட்டி வேண்டும், அதற்கு இந்தக் கடையில் இடமில்லை. கடை தோர்த்தியாவைத் தயாராக வாங்குகிறது. சோள மாவை அரைப்பதில்லை. கடையிலேயே மாவு பிசைந்து தோர்த்தியா தட்டுபவர்கள் என்றால் மீந்த மாவைத் தெஹுயினோவாக்குவது அன்னாசித் தோலுக்குச் சமமான யோசனையாக இருக்கும். இங்கே அந்த வாய்ப்பு இல்லை. தலைநகரத்து வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு அது என்னவென்று விளக்கிச் சொல்லவும் வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் கத்தி பிடித்திருப்பவருக்கு விளக்க நேரமிருக்காது.

தூபா: நமக்குத் தெரிந்த பானம்

தமிழர்கள் இதைப் படிக்கும்போது நிமிர்ந்து உட்காரலாம். தூபா என்பது தென்னங்கள்ளேதான். பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் பிலிப்பைன்ஸ் மக்கள் வந்து பசிபிக் கரையில் குடியேறினார்கள். பாளை சீவிக் கள் இறக்கும் கலையையும் அவர்கள் கூடவே கொண்டுவந்தார்கள். கொலிமா மாநிலத்தில் அது வேர்பிடித்தது. அதைக் காய்ச்சித் தென்னஞ்சாராயம் வடிக்கத் தொடங்கியபோது, ஸ்பெயினிலிருந்து வரும் திராட்சை மது விற்பனை படுத்துவிடும் என்று அஞ்சி 17-ஆம் நூற்றாண்டில் ஆட்சியாளர்கள் அடக்கப் பார்த்தார்கள். சாராயம் ஒடுங்கியது, தூபா பிழைத்தது. இன்றும் கொலிமாவின் சதுக்கங்களில் பெரிய சுரைக்குடுக்கையில் தூபா சுமந்து விற்கிறார்கள். வெள்ளையாக அப்படியே குடிக்கலாம்; பழமும் பீட்ரூட்டும் சேர்த்த இளஞ்சிவப்பு வகையும் உண்டு. மேலே நறுக்கிய ஆப்பிளும் வேர்க்கடலையும் போட்டுத் தருவார்கள். காலையில் இறக்கியது இனிக்கும், மாலைக்குள் கிள்ளத் தொடங்கும். நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் தடையில் இருக்க, உலகின் மறுகோடியில் அதே பானம் பட்டப்பகலில் சதுக்கத்தில் குழந்தைகள் கையிலும் இருப்பதைப் பார்க்கும்போது மனதுக்கு என்னவோ போல் இருக்கும்.

அந்தப் பாசத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. கொலிமாவிலிருந்து மெக்சிகோ சிட்டிக்குச் சாலை வழியாக 700 கிலோமீட்டருக்கு மேல். குளிரூட்டி வந்தாலும் வழியிலேயே புளித்துவிடும். வந்து சேர்வது தூபாவாக இருக்காது. கொலிமாவிலோ பசிபிக் கரையிலோ மீன் டாக்கோ கடை வைப்பவர்கள், பக்கத்துத் தோப்பில் கள் இறக்குபவரோடு ஏற்பாடு செய்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டு இதையே தேர்ந்தெடுக்கலாம்.

பட்டியலில் இல்லாத இரண்டையும் பேசினோம். சான் லூயிஸ் போதோசியில் சப்பாத்திக்கள்ளிப் பழத்திலிருந்து செய்யும் சிவப்புக் கொலோன்சே கண்ணுக்கே விருந்து. ஆனால் பழம் வரும் சில மாதங்களுக்கு மட்டும்தான். தபாஸ்கோ, சியாபாஸ் பக்கத்துப் போசோல், புளித்த சோள மாவுருண்டையைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. வயலுக்குப் போகிறவரின் மதிய உணவே அது. இரண்டும் இந்தக் கவுண்டருக்குரியவை அல்ல.

என் பரிந்துரை

வார நாள் மாலையில் தெபாச்சே மட்டும். கவுண்டரின் இடது ஓரத்தில், தணலிலிருந்து தள்ளி, மூடியும் அடியில் குழாயும் கொண்ட 20 லிட்டர் கண்ணாடி ஜாடி ஒன்று. மற்ற இரண்டு ஜாடிகள் பின்கட்டில். ஐஸை ஜாடிக்குள் போடாமல் குவளையில் போட வேண்டும். உள்ளே போட்டால் ஒன்பது மணிக்குமேல் வருபவர் தண்ணீர்தான் குடிப்பார். இனிப்பைக் குறைத்தே வைக்கச் சொன்னேன். அல் பஸ்தோரின் கொழுப்புக்கும் மிளகாய்க்கும் எதிரே புளிப்பு நிற்க வேண்டும். சர்க்கரை நின்றால் இரண்டு மிடறில் திகட்டிவிடும், வாடிக்கையாளர் பாட்டில் குளிர்பானத்துக்கே திரும்பிவிடுவார். கேட்பவருக்கு விளிம்பில் உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவித் தரலாம்.

சனி, ஞாயிறு காலையில், அனுமதி கைக்கு வந்த பிறகு, புல்கே. நாளுக்கு 20 லிட்டருக்கு மேல் வேண்டாம். தீர்ந்துவிட்டது என்று சொல்ல நேர்ந்தால் அதில் நட்டமில்லை. மிஞ்சியதை மறுநாள் விற்றால் பெயர் கெடும். மிச்சமிருப்பது அன்றே சல்சாவுக்குப் போகட்டும். தெபாச்சே அந்த இரண்டு காலைகளிலும் இருக்க வேண்டும். குழந்தைகளோடு வருபவர்களுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும் புல்கே தராமல் வேறு ஒன்று தர வேண்டுமே.

இதே கடை குவாதலஹாராவில் இருந்தால் புல்கேயை எடுத்துவிட்டு, பிற்பகல் நான்கு மணிக்கே கடையைத் திறந்து தெஹுயினோ ஊற்றச் சொல்லியிருப்பேன். தெபாச்சே அங்கேயும் இருக்கும். துரோம்போ சுழலும் ஊரிலெல்லாம் அன்னாசித் தோல் மிஞ்சத்தானே செய்கிறது.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. சாதாரணப் புல்கேயோடு, பழமோ தானியமோ அரைத்துச் சேர்த்த குராடோ ஒன்றையும் வைக்க வேண்டும் என்கிறார் அக்கா. கொழகொழப்புக்குப் பழகாதவர்களை உள்ளே இழுக்க அதுதான் வழி என்பதில் அவர் சொல்வது சரி. அவர் ஓட்ஸ் சேர்த்த குராடோ வேண்டும் என்கிறார், தம்பி கொய்யா என்கிறார். என் ஓட்டு கொய்யாவுக்கு. குளிர்காலத்தில் சந்தையில் கொய்யா குவிந்து கிடக்கும், வாசமும் புல்கேயின் பச்சை வாசத்தோடு நன்றாகச் சேரும். ஓட்ஸ் வயிற்றை அடைக்கும். கொன்சோமேயும் பார்பகோவாவும் சாப்பிட வந்தவருக்கு அது வேண்டாம். எதுவானாலும் காலை ஏழு மணிக்குள் அரைத்து முடித்துவிட வேண்டும். கடை திறந்த பிறகு மிக்ஸியைப் போட ஆள் இருக்காது.